வோல்டா ஏரி: சிக்கிய வலையை எடுக்க ஏன் பிள்ளைகள் முங்குகிறார்கள்?

அலைவாய்:

கானாவின் வோல்டா ஏரியில் மீன்பிடி வேலைக்கு அனுப்பப்படும் சிறுவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் "பெற்ற பிள்ளையை விற்ற ஏழைகள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. அந்த ஏரிக்கு ஏன் இத்தனை சிறுவர்கள் தேவைப்படுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. காரணத்தில் பாதி தண்ணீருக்கு அடியில் நிற்கிறது.

வோல்டா ஆற்றின் குறுக்கே அகோசோம்போ அணை 1965-ல் முடிந்தது. தேங்கிய நீர்தான் இந்த ஏரி, பரப்பு ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர். 700-க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுகின. சுமார் 80,000 பேர் இடம்பெயர்ந்தார்கள், அவர்களுக்காக 52 குடியேற்ற ஊர்கள் எழுந்தன. காட்டை வெட்டி எடுத்துவிட்டு நீரைத் தேக்கவில்லை. மரங்கள் நின்ற நிலையிலேயே முழுகின. காற்றுப் படாத அடிமரம் மக்காமல் இன்றும் நிற்கிறது. நீர் ஏறி இறங்கும் உயரத்தில் இருந்த பகுதி மட்டும் மக்கி ஒடிந்துபோனது. அதனால் மொட்டைக் கட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே முடிகின்றன, மேலிருந்து தெரியாது. அணையின் இயக்க மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 240 அடி முதல் 276 அடி வரை. அக்டோபர், நவம்பரில் ஏரி நிறையும், ஜூலை வாக்கில் தாழும். நிறைந்திருக்கும்போது ஆழத்தில் கிடந்த கட்டை, தாழும்போது படகின் அடியை இடிக்கும்.

மீனும் அந்த மரங்களைச் சுற்றியேதான். மரத்தில் படரும் பாசியைத் திலாப்பியா மேய்கிறது. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் நீர்ப்பூச்சிப் புழுக்கள் மற்ற மீன்களுக்கு இரை. ஆகவே மரங்களுக்கு நடுவே வலை விடுவது கவனக்குறைவு அல்ல, மீன் கிடைக்கும் இடம் அதுதான். சாயங்காலம் செவுள்வலையை விட்டுவிட்டு, விடியுமுன் இழுப்பார்கள். இழுவை நின்றால் வலை கட்டையில் மாட்டிவிட்டது என்று பொருள். அப்போது ஒரு பையன் இறங்குகிறான்.

கொடிவலை:

ஒரு சந்தேகம் நண்பரே. கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டு எடுக்கிறோம். அதுபோல ஏதாவது கொக்கியைக் கயிற்றில் கட்டி இறக்கி வலையை விடுவிக்க முடியாதா? ஒரு ஆளை, அதிலும் சின்னப் பையனை இறக்குவது எதற்கு?

அலைவாய்:

கிணற்றில் வாளி தனியாகக் கிடக்கிறது, கொக்கி வேறு எதையும் பிடிக்காது. இங்கே கொக்கி முதலில் பிடிப்பது கிளையைத்தான். கவட்டைக்குள் நுழைந்தால் கொக்கியும் மாட்டிக்கொள்ளும். பலமாக இழுத்தால் கண்ணிகள் வரிசையாக அறுந்து வலை பாழாகும். வலையின் அடிக்கயிற்றில் ஈயக் குண்டுகள் கோத்திருப்பதால் அது கிளையைச் சுற்றி ஒரு சுற்று விழுந்திருக்கும். மேலிருந்து எந்தப் பக்கம் இழுத்தாலும் முடிச்சு இறுகும். கையால் சுற்றை எதிர்ப்பக்கம் எடுத்து விட்டால்தான் கழலும்.

பையன் ஏன் என்றால், வளர்ந்த ஆள் இறங்கக் கூலி கேட்பான். நம் கடற்கரையில் இருப்பதுபோல அங்கேயும் பங்கு முறைதான்: செலவு போக மிஞ்சியதில் வள்ளத்துக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஏறியவர்களுக்கு ஒரு பங்கு. ஏறிய பெரியவர்கள் மூன்று பேர் என்றால் அந்தப் பங்கு மூன்றாகும். ஒரு பெரியவரும் மூன்று பையன்களும் ஏறினால் பங்கு பிரிவதே இல்லை, சோறு மட்டும் போட்டால் போதும். "சின்ன விரல் கண்ணிக்குள் நுழையும், சின்ன உடம்பு கிளைக்கு நடுவே நுழையும்" என்று சொல்லப்படும் காரணம் பிறகு ஒட்டவைத்தது. உண்மையான காரணம் பங்கு.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மீன் குறையக் குறையக் கண்ணியளவைச் சிறிதாக்கிக்கொண்டே போகிறார்கள். அங்கே "ஒன் மேன் தௌசண்ட்" என்று பெயர் பெற்ற விரல்நீளப் பொடிமீனைக்கூட விடுவதில்லை. கண்ணி சிறுத்தால் நூல் அதிகம், நூல் அதிகமானால் சிக்கலும் அதிகம். பிடிபட்ட பொடியை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க நேரமும் கைகளும் கூடுதலாக வேண்டும். ஏரியில் மீன் குறைந்தால் பிள்ளைகளின் தேவையும் குறையும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு.

மருதம்:

முங்குவதைப் பற்றிச் சில விவரங்கள். மூன்று மீட்டர் ஆழத்திலேயே செவிப்பறையில் அழுத்தம் வலிக்கத் தொடங்கும். மூக்கைப் பிடித்து ஊதி அழுத்தத்தைச் சமன் செய்யத் தெரியாத பிள்ளைக்குச் செவிப்பறை கிழியலாம். கிழிந்தால் உள்ளே நீர் புகுந்து தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்ற உணர்வே போய்விடும். கலங்கிய நீரில், இருட்டு விலகாத நேரத்தில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டாவது, நரம்பு நூல் வலை. பருத்தி நூலாக இருந்தால் இழுத்து அறுக்கலாம். ஒற்றை இழை நைலான் காலில் சுற்றினால் கையால் அறுக்க முடியாது, தண்ணீருக்குள் கண்ணுக்கும் தெரியாது. இடுப்பில் கயிறோ கையில் கத்தியோ இல்லாமல்தான் இறக்குகிறார்கள்.

அடுத்தது சிறுநீர்ப் பில்ஹார்சியா என்ற புழுநோய். ஓடிக்கொண்டிருந்த ஆறு அணையால் தேங்கியதும் நீர்ச்செடிகள் படர்ந்தன, அவற்றோடு இந்தப் புழுவைச் சுமக்கும் நத்தை பெருகியது. நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்துப் புழு நுழைகிறது. சிறுநீரில் இரத்தம் போவதுதான் முதல் அடையாளம். மீட்ட பிள்ளையைப் பரிசோதிக்கும்போது பலர் செய்யும் தவறு, காலையில் எழுந்ததும் சிறுநீர் எடுப்பது. முட்டைகள் அதிகம் வெளியேறுவது காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணிக்குள். அந்த நேரத்து மாதிரியில்தான் பார்க்க வேண்டும். மருந்து பிராசிகுவாண்டெல், எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே வேளை. அது வளர்ந்த புழுவைக் கொல்லும், இளம் புழுவைக் கொல்லாது. நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்காவிட்டால் "மருந்து கொடுத்தும் குணமாகவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

தென்னவன்:

சட்டப் பக்கத்தைத் தெளிவாக வைத்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம்.

ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டு பாலெர்மோ நெறிமுறைப்படி, பெரியவர் விஷயத்தில் ஆள் கடத்தலை நிறுவ மூன்று வேண்டும்: செயல் (ஆள் சேர்த்தல், கொண்டுபோதல், வைத்திருத்தல்), வழிமுறை (மிரட்டல், ஏமாற்று, வலுக்கட்டாயம்), நோக்கம் (சுரண்டல்). பிள்ளை என்றால் வழிமுறையை நிரூபிக்கவே தேவையில்லை, செயலும் நோக்கமும் போதும். கானாவின் 2005-ஆம் ஆண்டு ஆள் கடத்தல் சட்டம், எண் 694, இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: பிள்ளையின் சம்மதமோ பெற்றோரின் சம்மதமோ எதிர்வாதமாக எடுபடாது. கடத்தியவருக்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை. பிள்ளையைக் கொடுத்தவர் பெற்றோரே ஆனாலும் குற்றவாளி.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 1998-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், எண் 560. வேலைக்குக் குறைந்தபட்ச வயது 15, இலகு வேலைக்கு 13, ஆபத்தான வேலைக்கு 18. ஆபத்தான வேலைகளின் பட்டியலில் "கடலுக்குப் போதல்" நேரடியாக உண்டு. ஏரி கடல் இல்லையே என்று வாதாட இடம் கொடுக்கக்கூடாது. உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்தான எந்த வேலையும் அதில் அடங்கும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு பிரிவு, இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை பிள்ளைகளை வேலை வாங்கத் தடை. வலை இழுப்பது விடியுமுன் என்பதால், கடத்தலை நிரூபிக்க முடியாத வழக்கிலும் இது நிற்கும்.

தவறு நடப்பது குற்றச்சாட்டு எழுதும் இடத்தில். கடத்தல் சட்டத்தில் போட்டால் சாட்சியங்களைத் திரட்ட வேண்டும், பிள்ளையை மாதக்கணக்கில் பாதுகாப்பில் வைத்துச் சாட்சி சொல்ல வைக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் குற்றமாகச் சுருக்கினால் அபராதத்தோடு வழக்கு முடிந்துபோகும். சுருக்குகிற சபலம் அங்கிருந்துதான் வருகிறது.

கொடிவலை:

அப்படியானால் ஏரியில் படகில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் கடத்தப்பட்ட பிள்ளையா? எண்ணிக்கை விஷயத்தில் பெரிய சண்டை நடப்பதாகப் படித்தேன்.

வேலி முள்:

இல்லை. இந்த இழையில் இதை உரக்கச் சொல்ல வேண்டும். 2019-ல் சிஎன்என் 20,000 குழந்தை அடிமைகள் என்று வெளியிட்டது. அதே ஆண்டு ஏரிக்கரையை ஆராய்ந்தவர்கள் அல் ஜசீராவில் அதை மறுத்து எழுதினார்கள். அதற்கு முன் 2016-ல் ஒரு மீட்பு அமைப்பின் ஆய்வு, ஏரியின் தெற்குப் பகுதியில் வேலை செய்யும் பிள்ளைகளில் 57.6 விழுக்காட்டினர் கடத்தப்பட்டவர்களாக இருக்கலாம் என்றது. எந்த எண்ணாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: படகில் பார்த்த பிள்ளையை எதை வைத்து வகைப்படுத்தினார்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவில் பிள்ளையைச் சித்தப்பா, மாமா வீட்டில் விட்டு வளர்ப்பது பழைய வழக்கம். தொழில் கற்க விடுவதும் உண்டு. ஏரிக்கரையிலேயே பிறந்து அப்பாவோடு ஏறும் பிள்ளைகள் ஏராளம். இவர்களுக்கும் வேலை ஆபத்தானதுதான், பள்ளி போவதில்லைதான். ஆனால் இவர்களைப் பெற்றவரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோவது தீர்வாகாது. 2023-ல் பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுப் பிரிவு, வட கானாவில் மீட்பு என்ற பெயரில் இரவில் நுழைந்தவர்கள் தூக்கிச் சென்ற பிள்ளைகள் சொந்தக் குடும்பத்தோடு இருந்தவர்கள் என்று காட்டியது. துப்பாக்கியோடு வருபவர்களிடம் அந்த வயதில் ஒரு பிள்ளை எதைப் புரிந்துகொள்ளும்?

தென்னவன்:

வேலி முள் சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. "உறவினர்" என்ற சொல் இரண்டு பக்கமும் வெட்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முகவர்களில் பலர் உண்மையிலேயே உறவினர்கள், அல்லது அதே ஊர்க்காரர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் ஆட்டுக்கிடைக்கும் வாத்து மேய்க்கவும் முன்பணம் வாங்கிக்கொண்டு பையன்களை விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கூட்டிப்போகிறவர் பெரும்பாலும் தெரிந்த முகம்தான். ஆகவே உறவா இல்லையா என்பதை விட்டுவிட்டு, அந்த உறவு இப்போது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நடைமுறையில் இப்படி: பிள்ளையைப் படகுக்காரர் கண்ணில் படாத இடத்தில், தனியாக, அவன் மொழியில் பேசும் சமூகநல அலுவலர் சந்திக்க வேண்டும். "அடிக்கிறார்களா?" என்று தொடங்கினால் "இல்லை" என்றுதான் வரும். நேற்று எப்போது எழுந்தாய், யார் எழுப்பினார்கள், எங்கே படுத்தாய், அந்த வீட்டில் வேறு பிள்ளைகள் எங்கே படுத்தார்கள், அவர்கள் பள்ளி போகிறார்களா, அம்மாவிடம் கடைசியாக எப்போது பேசினாய் என்று ஒரு நாளின் போக்கிலேயே கேட்க வேண்டும். வீட்டுக்காரரின் சொந்தப் பிள்ளை பள்ளியிலும் இவன் படகிலும் என்றால், அந்த ஒரு விடை நிறையச் சொல்லிவிடும். காசை யார் வைத்திருக்கிறார், ஊருக்குப் போக நினைத்தால் போக முடியுமா என்பவை அதற்குப் பிறகு.

மொழியும் துப்புத் தரும். பிள்ளைகள் பெரும்பாலும் மத்தியக் கடற்கரையின் வின்னெபா, செனியா பெராகு, அபாம், மம்ஃபோர்ட் ஊர்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் ஃபாண்டி, எஃபுட்டு பேசியவர்கள். சேருமிடங்கள் எஜி, கெட்டே கிராச்சி, டம்பை போன்றவை. எவே பேசும் குடியிருப்பில் ஒருவன் மட்டும் ஃபாண்டி பேசினால் விசாரிக்க வேண்டும்.

பொழில்:

மொழியைப் பற்றிச் சொன்னதில் ஒரு சிக்கல் உண்டு தோழர். ஐந்து, ஆறு வயதில் போனவன் நாலைந்து வருடத்தில் தாய்மொழியை மறந்துவிடுவான். வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதில் மிகக் கடினமான வழக்குகள் இவைதான். பெயரும் உதவாது. அங்கே பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வரும்: வெள்ளிக்கிழமை ஆண் என்றால் கோஃபி, சனி என்றால் குவாமே. "என் பேர் கோஃபி" என்று மட்டும் நினைவிருக்கும் பிள்ளையின் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுப் பெயர், அம்மா விற்ற பொருள், வீட்டுக்குப் பக்கத்தில் கேட்ட மணியோசை, கடல் தெரிந்ததா, கோட்டை தெரிந்ததா என்று துணுக்குத் துணுக்காகச் சேர்க்க வேண்டும். அபாமிலும் செனியா பெராகுவிலும் கடலைப் பார்த்துக்கொண்டு பழைய ஐரோப்பியக் கோட்டைகள் நிற்கின்றன, பிள்ளை நினைவில் அது தங்கும். பிறகு மீன் விற்கும் பெண்கள் வழியாக ஆள் அனுப்பினால் அலுவலகக் கடிதத்தைவிட வேகமாகச் செய்தி போகும்.

வயதும் ஊகம்தான். பிறப்புச் சான்று இருக்காது. சத்துக்குறைவால் 14 வயதுப் பையன் 10 போலத் தெரிவான். அவனை அந்த 10-க்கான வகுப்பில் உட்கார வைத்தால் ஒரு பருவத்தில் நின்றுவிடுவான். விரைவுக் கல்வியில் எழுத்தும் எண்ணும் ஏற்றிவிட்டுப் பிறகு வயதுக்கு நெருக்கமான வகுப்பில் சேர்ப்பதே சரி.

திரும்பப் போகும் ஆபத்து அதிகம் ஊர் சேர்ந்த முதல் வருடத்தில். பள்ளி விடுமுறை முடிந்தும் வரவில்லை, தம்பியையும் காணவில்லை, வீட்டுக்கு முன்பு வந்த அதே ஆள் மறுபடி வந்து போனார் என்றால் அன்றே போய்ப் பார்க்க வேண்டும். மாதாந்திர வருகைக்காகக் காத்திருக்கக் கூடாது.

உதவிப் பணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. மீட்ட பிள்ளையின் தாய்க்கு மட்டும் மீன் புகைக்கும் சோர்கோர் அடுப்பும் முதலும் கொடுத்தால், பிள்ளையை அனுப்பாமல் பசியோடு வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன பாடம்? உதவி தெருவுக்கே போக வேண்டும், அல்லது அரசின் பொது உதவித்தொகைப் பட்டியலில் அத்தனை பேரும் ஏற வேண்டும்.

அலைவாய்:

பொழில் சொன்ன பசி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்க்கிறேன். வின்னெபா, அபாம் எல்லாம் மீன்பிடி ஊர்கள், சார்டினெல்லா என்ற சாளை வகையை நம்பி இருந்தவை. ஆழ்கடல் இழுவைக் கப்பல்கள் அந்த மீனையே அள்ளி, உறைந்த கட்டிகளாக நடுக்கடலில் பெரிய வள்ளங்களுக்கு மாற்றி விற்றன. அங்கே அதற்கு "சைக்கோ" என்று பெயர். 2017-ல் மட்டும் அப்படிக் கைமாறியது சுமார் 1,00,000 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சிறுவள்ளக்காரர் வெறுங்கையோடு கரையேறினார், தன் கடலில் பிடித்த மீனையே உறைந்த கட்டியாக விலைக்கு வாங்கினார். பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வருவது அந்த வீட்டுக்குத்தான். கடலில் நடந்த கொள்ளைக்கான விலையை ஏரியில் ஒரு பையன் கொடுக்கிறான். தாயைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருதம்:

பள்ளிக்கு அனுப்பினால் தீர்ந்தது என்பவர்களுக்கும் ஒன்று. ஏரித் தீவுகளில் பள்ளிக்கும் படகில்தான் போக வேண்டும். 2023 ஜனவரியில் செனே கிழக்கு மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய படகு மரக்கட்டையில் மோதிக் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்தார்கள். மிதவைச் சட்டை இல்லை. வலை மாட்டும் அதே கட்டைதான்.

கொடிவலை:

சரி, படகுக்காரரின் பக்கம் என்ன செய்யலாம்? ஒரு பையனை மீட்டால் அந்த இடத்துக்கு வேறொரு பையன் வருவான் இல்லையா?

அலைவாய்:

வருவான். பங்குக் கணக்கு மாறாதவரை வருவான். மாற்ற வேண்டியவை மூன்று இடத்தில் இருக்கின்றன.

முதலாவது கடன். வலையும் இயந்திரமும் பெரும்பாலும் மீன் வாங்கும் வியாபாரி கொடுத்த கடன். பிடித்ததை அவரிடமே அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். வலை கிழிந்தால் கடன் ஏறும், அதனால்தான் கிழிந்தாலும் போகட்டும் என்று அறுத்துவிடாமல் பையனை இறக்குகிறார். வலைக்கான கடன் வேறு வழியில் கிடைத்தால் இந்த நெருக்கடி பாதி குறையும்.

இரண்டாவது வலையின் கட்டமைப்பு. வலையையும் ஈயக் கயிற்றையும் இணைக்கும் கட்டுநூலை வலை நூலைவிட மெலிதாகப் போட்டால், மாட்டும்போது கட்டு அறுந்து ஈயக் கயிறு மட்டும் தங்கும், வலை மேலே வந்துவிடும். கயிறும் ஈயமும் நட்டம், வலையும் உயிரும் மிச்சம். தரையைத் தொடாமல் மிதவையைக் கூட்டி மேல்நீரில் விடும் வலைக்குச் சிக்கல் குறைவு, ஆனால் அடிமீன் கிடைக்காது. அதை மறைக்காமல் சொன்னால்தான் மீனவர் நம்புவார். கூடு, பொறி வகைகளை ஒற்றைக் கயிற்றில் இறக்கி ஏற்றலாம். கட்டைகளை வெட்டிச் சுத்தமான ஓடைகளை உண்டாக்கி மிதவையால் அடையாளமிடுவது படகுகளுக்கும் நல்லது, மீன்களின் புகலிடத்தை முழுதும் அழிக்காமல் செய்ய வேண்டும்.

மூன்றாவது, கரையில் கண்காணிப்பு. க்பாண்டோ டோர்க்கோர் என்ற ஏரிக்கரை ஊரில் கானாவின் பொது வேளாண் தொழிலாளர் சங்கம் உள்நாட்டு மீனவர்களையே சங்கத்தில் சேர்த்து, குழந்தைத் தொழிலாளர் இல்லாத பகுதியாக்கும் வேலையைச் செய்தது. "டோர்க்கோர் மாதிரி" என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு எந்தப் பையன் யார் வீட்டவன் என்று தெரியாது. படகுக்காரர்களுக்குத் தெரியும், மீன் புகைக்கும் பெண்களுக்குத் தெரியும். புதிய முகம் ஒன்று படகிலிருந்து இறங்கினால் அன்று மாலைக்குள் கேட்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

வேலி முள்:

மூன்றாவதில் ஒன்று சேர்க்க வேண்டும் அலைவாய். சங்கத்தார் கேட்கும்போது பட்டியலை இரண்டாகப் போட வேண்டும். ஊரில் பெற்றோரோடு இருக்கும் பிள்ளைகள் ஒன்று, வெளியிலிருந்து வந்தவர்கள் ஒன்று. முதல் பட்டியலுக்குத் தேவை பள்ளியும் மிதவைச் சட்டையும் அப்பாவோடு பேச்சும். இரண்டாவது பட்டியல் மட்டுமே மாவட்டச் சமூகநல அலுவலருக்கும் காவல் துறையின் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும் போக வேண்டும்.

தென்னவன்:

ஆம். இரண்டாவது பட்டியலில் பெயரோடு தாய்மொழி, வந்த மாதம், கூட்டி வந்தவர் யார் என்ற மூன்றையும் அன்றே எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து விசாரித்தால் "என் அக்கா மகன்" என்ற விடை எல்லாரிடமும் ஒரே மாதிரி தயாராக இருக்கும். தேதியிட்ட அந்தக் குறிப்புதான் நீதிமன்றத்தில் நிற்கும்.